செயின்சா திணறினால்...

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் அடித்த புயல்மழையைப் பினாங்குவாசிகள் மறந்திருக்க மாட்டோம். எத்தனை மரங்கள் சாய்ந்தன! அப்படியொரு நாளில், வாசலை மறித்த கிளையை அறுக்கும்போது செயின்சா திணறினால்?

வானொலியில் ஒலி கரகரத்தால் நான் முதலில் வயரைத்தான் பார்ப்பேன். மைக்கை மாற்றுவது கடைசி. இதற்கும் அதே வழிதான்.

முதலில் மரத்தூளைப் பாருங்கள். சீவலாக வராமல் மாவாக உதிர்ந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது. இஞ்சினைக் குறை சொல்லாதீர்கள். அடுத்து, காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். பெட்ரோல் கலவை ஒரு மாதத்துக்கு மேல் பழையதென்றால் மாற்றுங்கள். பல இஞ்சின்களுக்கு ஒரு லிட்டருக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய்; கையேட்டில் சரிபாருங்கள். சற்று ஓடி அணைகிறதா? ஆறியபின் டாங்கி மூடியைத் திறந்து மூடுங்கள். மறுபடி நன்றாக ஓடினால், காற்றுத் துளை அடைத்திருக்கலாம். இல்லையென்றால் சைலன்சர் வலையில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கார்புரேட்டர் திருகைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். பெட்ரோல் வரத்து குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும்.

எதைக் கழற்றுவதானாலும் இஞ்சினை அணைத்து, பிளக் வயரை உருவிவிடுங்கள். சங்கிலிக்கு நம் விரலும் ஒரு கிளைதான்!