நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது!

சித்திரை முதல் நாள். கோயில் மண்டபத்திலே பஞ்சாங்கம் படிக்கப்படுகிறது. எத்தனை மரக்கால் மழை, எந்தத் தானியம் தழைக்கும், நெருப்பு அச்சம் உண்டா இல்லையா, எல்லாம் அச்சாகி வந்துவிட்டன. ஐயர் வாசிக்கிறார், ஊர் வாய்பிளந்து கேட்கிறது.

பெரும்பாலும் அந்நாள் ஏப்ரல் 14. அதே நாளில் தீயணைப்பு நிலையங்களிலே காக்கி உடுப்பணிந்த சிலர், மலர்வளையம் வைத்துத் தலை தாழ்த்தி நிற்கின்றனர். 1944-ஆம் ஆண்டு அந்நாளில், பருத்திப் பொதியையும் வெடிமருந்தையும் ஒருசேரச் சுமந்து வந்த 'போர்ட் ஸ்டிகின்' என்னும் கப்பல் பம்பாய்த் துறைமுகத்திலே பற்றி எரிந்தது. அவிக்கச் சென்றவர்கள் பணியில் இருக்கும்போதே கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அவர்கள் நினைவாகவே அது தீத்தொண்டு நாள். அதையொட்டி வரும் வாரம், தீயைப் பற்றி மக்களுக்குப் பாடம் சொல்லும் வாரம்.

ஒரே நாள், இரண்டு பாடங்கள், தோழர்களே! நெருப்பு அச்சம் உண்டு என்று ஏடு சொல்லும். வந்தால் என் செய்வது என்று கேட்டால் அந்த ஏட்டிலே விடை இல்லை. விடை தெரிந்தவர் நிலையத்து வாயிலிலே நிற்கிறார். அவர் பேச்சைக் கேட்க எத்தனை பேர் போகிறோம்?

தீயணைப்பு வீரரைப் புகழ நாம் தயங்குவதில்லை. கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கினால் புகழ்கிறோம். வீட்டினுள் புகுந்த பாம்பைப் பிடித்தால் புகழ்கிறோம். ஆடிப் பதினெட்டன்று அம்மா மண்டபப் படித்துறையிலே, புது வெள்ளத்தில் இறங்குவோரைக் காத்து நின்றால் புகழ்கிறோம். "கடவுள் போல வந்தாரய்யா" என்று கைகூப்புகிறோம். அந்த உவமையிலேதான் எனக்கு வழக்கு! கடவுள் போல வரவில்லை அவர். பயிற்சி பெற்று வந்தார். கயிறு எந்த முடிச்சில் நிற்கும், புகை எந்த உயரத்தில் கொல்லும் என்று கற்று வந்தார். கற்றதை நமக்கும் கற்பிக்க வருகிறார், காசு கேளாமல். அந்தக் கொடையை மட்டும் வேண்டாமென்கிறோம்.

நான் பணியாற்றும் பள்ளிக்கு அவர்கள் வந்தார்கள். செயல்விளக்கம் காட்ட ஒரு மணி நேரம் கேட்டார்கள். கிடைத்தது கால் மணி. அதிலும் பாதி, நிழற்படத்துக்கு. "நல்ல நாளும் அதுவுமாய்ப் பிள்ளைகளிடம் நெருப்புப் பேச்சு எதற்கு?" என்று பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமா என்று பாட்டிமார் கேட்பார்களே, அந்தப் பாட்டிமாரின் பகுத்தறிவுகூட நமது கற்றறிந்தாரிடம் இல்லை!

வாய் வேகவில்லை. வெந்தது எது, தெரியுமா?

2004-ஆம் ஆண்டு சனவரி 23. காவிரிக்கு அக்கரையிலே, திருவரங்கத்திலே ஒரு திருமணம். மாடியிலே கீற்றுப் பந்தல். இறங்க ஒடுங்கிய படிக்கட்டு. மின்கம்பியிலே பிறந்த தீ கீற்றைப் பற்றியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், மணமகனும் மாண்டான். மாண்டவரை நான் பழிக்கவில்லை. அவர்களுள் எவரும் குற்றவாளியல்லர். கேள்வி, அவர்களையும் நம்மையும் வளர்த்த வழக்கத்தைப் பற்றியது. திருமணம் என்றால் நாள் பார்க்கிறோம், கோள் பார்க்கிறோம், பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், இராகு காலத்தைக் கழிக்கிறோம். மண்டபத்துக்கு எத்தனை வாயில், மாடியிலிருந்து முந்நூறு பேர் இறங்க எத்தனை படிக்கட்டு, மின்சாரத்தை நிறுத்தும் பொறி எங்கே என்று பார்க்கும் வழக்கம் எந்தச் சாதியிலே உண்டு?

"விதி, ஐயா, விதி" என்பார்கள். விதிக்கு இத்தனை பிடிவாதமா, எப்போதும் கீற்றின் வழியாகவே வர? 1997 சூன் 7: தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு, வேள்விச் சாலைப் பந்தலிலே தீ, நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2001 ஆகஸ்டு 6: ஏர்வாடி. மனநோயாளிகளை மருத்துவரிடம் ஒப்படைக்காமல், சங்கிலியால் பிணித்துக் கொட்டகையிலே கிடத்தியிருந்தனர். தீ வந்தது, ஓட நினைத்தாலும் சங்கிலி விடவில்லை. 28 பேர். பிறகு திருவரங்கம். அது நடந்து ஆறு திங்கள்கூட நிறையவில்லை, சூலை 16, குடந்தையிலே ஒரு பள்ளி. சமையற்கூடத்து நெருப்பு, கீற்றுக் கூரை, நெருக்கடியான மாடி. 94 குழந்தைகள்! ஆசிரியன் என்ற முறையிலே அந்த எண்ணை எழுதும்போது என் வகுப்பு வருகைப் பதிவேடு நினைவுக்கு வருகிறது. இரண்டு வகுப்புகள் முழுதாக வெறுமையாகும் எண் அது.

நான்கு இடம், ஏழு ஆண்டு. திருவரங்கத்திலே கற்றிருந்தால், குடந்தையிலே கூரையைப் பிரித்திருப்போம். கற்கவில்லை, அழுதோம். அழுததோடு நின்றோமா? ஈந்தோம்! ஈகையிலே நாம் குறைந்தவரல்லர். குடிசை எரிந்தால் மறுநாள் அரிசி வரும், வேட்டி சேலை வரும், பாத்திரம் வரும், கொடுப்பவரின் படமும் வரும். வேண்டாமென்று சொல்லவில்லை, எரிந்த வீட்டுக்காரனுக்கு அன்றைய சோறு அன்றே வேண்டும். ஆயின், எரிந்த பிறகு நூறு சேலை கொடுக்கும் வள்ளல், எரியுமுன் அந்தத் தெருவுக்கு ஒரு மாலைப்பொழுதைக் கொடுத்ததுண்டா?

அந்த மாலையிலே கற்பதற்கு என்ன இருக்கிறது என்கிறீரா? சட்டியிலே எண்ணெய் பற்றிக்கொண்டால், நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டிலே கை முதலில் தேடுவது தண்ணீரை. தண்ணீர் அடியிலே இறங்கி, ஒரு நொடியிலே ஆவியாகிக் கொதிக்கும் எண்ணெயை முகத்திலே வீசும். செய்ய வேண்டியது, அடுப்பை நிறுத்தித் தட்டால் மூடுவது; காற்றில்லையேல் தீயில்லை. எரிவாயு கசிந்தால், அது காற்றைவிடக் கனமானது. கூரைக்குப் போகாது, தரையிலே படரும். விளக்கைப் போடவும் கூடாது, எரியும் விளக்கை அணைக்கவும் கூடாது. கதவையும் சாளரத்தையும் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். சேலையிலே தீப்பிடித்தால் ஓடினோம் என்றால், ஓட ஓடக் காற்று ஊதும். நின்ற இடத்திலே விழுந்து புரள வேண்டும். வெந்த இடத்திலே மையும் மஞ்சளும் பற்பசையும் பூசுவது நம் ஊர் வைத்தியம். குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுவதுதான் உண்மை வைத்தியம். புகை சூழ்ந்த அறையிலே நிமிர்ந்து நடப்பவன் மயங்குவான். தவழ்பவனுக்குத் தரையோரம் மூச்சு கிடைக்கும்.

இதிலே எது கல்லூரிப் படிப்பு? எழுத்தறியாத தாய்கூட ஒரு முறை கண்ணால் கண்டால் மறக்கமாட்டாள். ஆனால் காண வேண்டும். கையால் செய்ய வேண்டும். சுவரொட்டி படித்து எவனும் நீந்தக் கற்றதில்லை.

எங்கள் உறையூரிலே ஒரு கதை உண்டு. மண்மாரி பெய்து சோழன் தலைநகர் அழிந்ததாம். வீடிழந்த மக்கள் அனைவர்க்கும் வீடு கிடைக்கும் வரை தனக்கும் கூரை வேண்டாமென்றாளாம் வெக்காளியம்மன். இன்றும் அந்தக் கோயிலிலே சிலைக்கு மேலே வானம்தான். கதை கட்டியவன் கெட்டிக்காரன்! நேர்ந்துகொள்ள வருவோர் அந்த வானத்தைப் பார்த்து உருகுகிறார்கள். கூரையில்லாத சிலைக்குத் தீயச்சம் இல்லை. கீற்றுக் கூரைக்குக் கீழே, ஒற்றைக் கம்பியிலே விளக்கும் விசிறியும் தொங்கவிட்டு, அடுப்புக்கு இரண்டு முழத் தொலைவிலே பிள்ளையை உறங்க வைப்பவளுக்கு அல்லவா அச்சம்! ஓடும் கற்காரையும் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியது அரசின் கடன். அது சேரும் வரை இடைப்பட்ட இரவுகளுக்கு அந்தப் பாடமே காவல்.

ஆகவே, படிப்பகங்களும் மன்றங்களும் நடத்தும் இளைஞர்களுக்கு ஒரு வேலை. அடுத்த கூட்டத்திலே வழக்கமான பேச்சாளரைக் குறைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போன்ற ஆசிரியர்களை முதலில் குறையுங்கள். பகுதி நிலைய அலுவலருக்கு ஒரு மடல் எழுதி, ஞாயிற்றுக்கிழமை மாலை வரச் சொல்லுங்கள். பெண்களை முன்வரிசையிலே அமர்த்துங்கள். அடுப்படியிலே நிற்பவர் அவர்களே. திருமண மண்டபம் பேசப் போகும் உறவினருடன் நீங்களும் போய், தீயணைப்புத் துறையின் சான்று எங்கே என்று கேளுங்கள். பின்வாசல் கதவு பூட்டியிருந்தால் சாவியைக் கேளுங்கள். பிள்ளைகளை மணியடித்து வெளியேற்றிப் பார்க்கும் பயிற்சி ஆண்டுக்கு எத்தனை முறை நடக்கிறது என்று உங்கள் தம்பி தங்கை படிக்கும் பள்ளியிலே கேளுங்கள்.

செயல்விளக்கத்துக்கு மேடை வேண்டாம், மாலை வேண்டாம். திறந்த வெளி, ஒரு வாளி மணல், நனைத்த கோணிச் சாக்கு, பழைய எண்ணெய்ச் சட்டி ஒன்று. மற்றதை அவர்களே வண்டியிலே கொண்டுவருவார்கள்.