சம்பளத்திலிருந்து பங்குக்கு



வங்கியின் பங்கு வணிகப் பிரிவில் இளநிலைப் பணியிலுள்ள மகன், ஹெட்ஜ் ஃபண்டுக்கு மாறப்போவதாக எழுதினால், பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வாழும் நாம் மருள வேண்டியதில்லை. செல்வந்தரிடம் திரட்டிய பணத்தை முதலீடு செய்து, இலாபத்தில் பங்கு பெறும் நிறுவனம் அது. (கோயில் பங்கு அன்று, படகுப் பங்கு!) 1949-இல் அமெரிக்காவில் இம்முறையைத் தொடங்கிய ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ், இலாபத்தில் ஐந்தில் ஒன்றைத் தமக்கென எடுத்தார். பண்டைய பினீசியக் கப்பல் தலைவர்களையே அவர் முன்மாதிரியாகக் காட்டினார் என்பர்.

ஆயினும் கடலில் தலைவனும் ஆட்களுடன் புயலுக்குள் செல்கிறான். நிதி மேலாளரோ இலாபத்தில் பங்குகொள்வார். நட்டம் பணம் போட்டவரைச் சேரும். ஜோன்ஸ் தொடக்க முதலான 1,00,000 டாலரில் 40,000-ஐத் தாமே இட்டார் என்பதை மறத்தலாகாது.

நட்டம் ஈடாகும்வரை இலாபப் பங்கு இல்லை என்பதே பெரும்பாலான நிதிகளின் ஏற்பாடு. அதற்குள் நிதியையே மூடிவிடுவதும் உண்டு. அப்போது முதலில் கரையிறங்குபவன் இளைஞனே. பங்கின்மேல் எழும் ஆசையும் பொல்லாதது. கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினம், வங்கியில் கடன் அதிகாரியாகத் தொடங்கி, 1997-இல் கேலியன் நிதியை நிறுவியவர். நிறுவனங்களின் உள்ளிரகசியங்களைப் பெற்று வணிகம் செய்த குற்றத்திற்காக 2011-இல் அவருக்குப் பதினோராண்டுச் சிறை விதிக்கப்பெற்றது.

ஆகவே மகனிடம் கேளுங்கள்: மேலாளரின் சொந்தப் பணம் அதில் உள்ளதா? நிலையான சம்பளம் எவ்வளவு? வேலை போயின் எத்தனை மாதம் தாங்கும் சேமிப்பு உண்டு? அச்சேமிப்பு தங்கையின் திருமணத்திற்கு ஒதுக்கியதாயின், ஓராண்டு பொறுத்திருக்கச் சொல்வேன்.