இருமக் கற்பிக்க எவ்வளவு செலவாகும்?

இருமல் என்றவுடன் அதை அடக்க மருந்து தேடுவது நம்மவர் வழக்கம். இருமல் நோயன்று, மூச்சுக்குழாயைக் கூட்டித் துப்புரவாக்கும் துடைப்பம். அந்தத் துடைப்பத்தைத் தூக்க வலுவிழந்தவருக்கு, அதைப் பிடிக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதும் சிகிச்சைதான். மாத்தளை மாவட்டத் தோட்டப்புறங்களில் இச்சிகிச்சை எவருக்கு, எந்த மொழியில் கிடைக்கிறது என்பதே என் கேள்வி.

இரத்தோட்டை, எல்கடுவைப் பகுதிகளின் லயன் அறைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. புகைபோக்கியில்லாச் சமையற்கட்டில் பல்லாண்டு விறகடுப்பு ஊதிய பெண்களின் நெஞ்சில் சளி நிரந்தரமாகக் குடியேறிவிடுகிறது. வைத்தியசாலை சென்று திரும்புகையில் பையில் பாணி மருந்தும் மாத்திரைகளும் இருக்கின்றன. எப்படி இருமுவது என்று சொல்லித் தந்தார்களா எனக் கேட்டால், "அதற்கும் ஒரு முறை உண்டா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

உண்டு. நாட்பட்ட சுவாசத் தடை நோயாளர் பலமாக இருமினால், தளர்ந்த மூச்சுக்குழாய்கள் ஒடுங்கிச் சளி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அவர்களுக்கு உகந்தது வேறு: அமைதியாகச் சில மூச்சு, பின்னர் ஆழ்ந்த மூச்சு, அதன்பின் வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் "ஹா" என்று காற்றை வெளியேற்றுதல். 1968இல் நியூசிலாந்தில் எழுதப்பட்டு, 1979இல் இலண்டன் பிரம்ப்டன் வைத்தியசாலையில் செம்மைப்படுத்தப்பட்ட முறை இது. அரை நூற்றாண்டு கடந்தும் நம் மலையேறவில்லை.

மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு சிதைந்தவர், தசைநோயால் தளர்ந்தவர் ஆகியோரின் நிலை வேறு. அவர்களுக்கு இருமும் உந்துதலைத் தரும் வயிற்றுத் தசை இயங்காது. இருமற்காற்றின் வேகம் நிமிடத்துக்கு 160 லீற்றருக்குக் கீழே போனால் சளி வெளியேறுவது அரிது. நோயாளி மூச்சை இழுத்து இருமும் அதே கணத்தில், உதவியாளர் விலாவுக்குக் கீழே வயிற்றை உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும். உணவுண்டவுடன் செய்யலாகாது, விலா முறிந்தவருக்கும் வயிற்றில் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவருக்கும் ஆகாது. ஆகவேதான் இயன்மருத்துவர் நேரில் நின்று கற்பிக்க வேண்டும் என்கிறேன். இரண்டு வாரம் நீடிக்கும் இருமலுக்கு முதலில் காசநோய்ப் பரிசோதனை வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இருமலுக்கு உதவும் இயந்திரம் விலையுயர்ந்தது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு கைகளுக்கு விலை ஏது? ஆளணி போதாது என்பார்கள். அப்படியானால் நோயாளி வீடு திரும்புமுன் அவருடைய மகளுக்கோ கணவருக்கோ கற்றுக்கொடுங்கள். வாழ்நாள் முழுவதும் உடனிருக்கப்போகும் ஆளணி அவர்களே. தமிழில் கற்றுக்கொடுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. மூச்சுவிடும் முறையைப் புரியாத மொழியில் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருபவருக்கு அந்தத் திருத்தத்தால் என்ன பயன்?

மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் நான் கேட்பது புதிய கட்டடமன்று. தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் பயிற்சி, தமிழில் படம் போட்ட ஒரு தாள், நோயாளியின் வெளியேற்ற அட்டையில் "இருமல் முறை கற்பிக்கப்பட்டது" என்று ஒரு வரி. தோட்ட நிர்வாகங்களிடம் கேட்பது புகைபோக்கி. புகை தொடருமாயின் மற்றவையெல்லாம் ஓட்டைப் பானையில் வார்த்த நீரே. தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு இதையும் பேசட்டும். கருவி வாங்கி அனுப்ப விரும்பும் புலம்பெயர் அன்பர்களே, முதலில் ஓர் இயன்மருத்துவர் மாதமொருமுறை தோட்டத்துக்கு வந்துபோக வழிசெய்யுங்கள்.