பிள்ளை பெத்த உடம்பு பழுதான உடம்பா?

கொழும்புத்துறையில் எங்கட ஒழுங்கையில ஒரு அக்கா இருக்கிறா. இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு மூன்று வயது, பால் மறந்து ஒரு வருசத்துக்கு மேல. போன மாதம் ஒரு பின்னேரம் ஜெற்றிப் பக்கம் கதைச்சுக்கொண்டிருந்த எங்களில பெட்டையள் மூன்று பேரைத் தனியக் கூப்பிட்டா. சுத்திவர ஒருக்காப் பாத்துப்போட்டுக் கேட்டா:

"நீங்கள்தானே எல்லாத்தையும் தேடி வாசிக்கிற ஆக்கள். வெளியில இருக்கிற தங்கச்சி காசு அனுப்பிறாளாம். கொழும்புக்குப் போய் இதைச் செய்துபோட்டு வா எண்டுறாள். செய்யட்டோ, விடட்டோ?"

"இதை" என்றபோது கை நெஞ்சுக்கு நேரே போய் உடனே கீழே இறங்கியது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தளர்ந்த முலைகளை உயர்த்தி, சிலிக்கோன் பை வைத்து நிரப்புகிற சத்திரசிகிச்சையைத்தான் அவா சொன்னா. அந்தச் சொல்லை அவாவும் வாயால சொல்லேல்லை, நாங்களும் சொல்லேல்லை. இஞ்ச சொல்லுவம். முலை என்பது நல்ல தமிழ்ச் சொல். அவாவின்ர சம்மதத்தோடதான் இதை எழுதுறம்.

எங்கட முடிவை முதலே சொல்லிவிடுறம். இன்னொராளின்ர கண்ணுக்காகச் செய்யிறதெண்டால் அந்தக் காசுக்கும் நோவுக்கும் அது பெறுமதி இல்லை. உங்கட நோவு தீருறதுக்காகச் செய்யிறதெண்டால் பெறுமதி. அதுக்கு அரசாங்க ஆஸ்பத்திரி கதவைத் திறக்கவும் வேணும். இந்த இரண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பிற ஆக்களோடதான் எங்களுக்குச் சண்டை.

ஒரு பக்கம், "ரண்டு பிள்ளை பெத்தபிறகு உவவுக்கு என்ன வடிவு கேக்குது?" என்று வாய் நெளிக்கிறவர்கள். தாய் என்றால் கண்ணாடி பார்க்கக்கூடாது என்பது அவர்களின் சட்டம். மற்றப் பக்கம், "உங்கள் உடல், உங்கள் உரிமை, இன்றே முற்பதிவு செய்யுங்கள்" என்று விளம்பரம் போடுகிறவர்கள். முற்பதிவு எண்ணோட சேர்த்து விக்கிற சாமானை நாங்கள் உரிமை எண்டு எடுக்கேல்லை.

எங்கட ஊரில பிள்ளை பிறந்த வீட்டைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. பால்சுறா வாங்க விடிய வெள்ளெனச் சந்தைக்கு ஆள் போகும். சுறா வறை, உள்ளி, முருங்கையிலை, சரக்கு அரைச்ச கறி என்று குசினி முழுக்கப் பாலூறுகிற சாப்பாடு. பால் வருதோ, காணுமோ, கட்டிப்போச்சோ என்று மாமியார் முதல் பக்கத்து வீட்டு ஆச்சி வரை கூச்சமில்லாமல் விசாரிப்பார்கள். மிட்வைஃப் அக்கா வந்து பிள்ளையின் நிறையை அட்டையில் குறிப்பா. 2016ஆம் ஆண்டு எடுத்த குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 வீதமானவை தாய்ப்பால் மட்டும் குடிச்சு வளருதுகள். பெருமைப்படவேண்டிய கணக்குத்தான்.

பால் மறந்த அடுத்த நாளோட விசாரணை முடிஞ்சுது. பேந்து அந்த முலையைப் பற்றி வீட்டில மிஞ்சிறது பகிடி மட்டும். "காத்துப்போன பலூன்" என்று அக்காவின்ர மனுசன் ஒருநாள் சொன்னாராம். அவா சிரிச்சுக்கொண்டுதான் எங்களுக்குச் சொன்னா. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட கிழமைதான் தங்கச்சிக்கு கோல் எடுத்திருக்கிறா.

அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில ஏத்திவிட்டுத் தப்பமாட்டம். எங்கட வட்ஸ்அப் குழுவிலயே "கலியாணத்துக்கு முன், பின்" என்று ஒரு படம் ஓடினது. ஒரு பக்கம் மாம்பழம், மற்றப் பக்கம் வதங்கின கத்தரிக்காய். அதுக்குச் சிரிப்புக்குறி போட்ட ஆக்களில நாங்களும் இருந்தம். பெட்டையளும்தான்.

இந்தப் பகிடிக்குள்ள ஒரு பொய்யும் ஒளிஞ்சிருக்கு: பால் குடுத்தபடியால்தான் முலை விழுந்தது என்கிற பொய். கர்ப்ப காலத்திலேயே பால்சுரப்பிகள் பருத்து, மேலுள்ள தோலும் உள்ளே தாங்கும் இழைகளும் இழுபடுகின்றன. பால் நின்றதும் சுரப்பி சுருங்கும். இழுபட்ட தோல் முழுக்கத் திரும்பாது. அமெரிக்காவின் கென்ரக்கிப் பல்கலைக்கழக வைத்தியர்கள், இதே சத்திரசிகிச்சைக்காக வந்த 132 பெண்களை ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். வயது, உடற்பருமன், எத்தனை தரம் கர்ப்பமானார், முதலே முலை எவ்வளவு பெரிது, புகைத்தாரா என்பவை தளர்வைக் கூட்டின. பால் குடுத்தது கூட்டவில்லை. ஆகவே வடிவு போயிடும் என்று பயந்து பிள்ளைக்குப் போத்தில் குடுக்கிறதால ஒன்றும் மிஞ்சப்போறேல்லை.

இனி இந்தச் சிலிக்கோன் பையின்ர கதை. 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் ரிம்மி ஜீன் லின்ட்சே என்கிற பெண் வைத்தியரிடம் போனார். ஆறு பிள்ளைகளின் தாய். அவர் போனது நெஞ்சில் குத்தியிருந்த பச்சையை அழிப்பதற்கு. வைத்தியர்கள்தான் புதுசாக ஒன்று செய்துபார்க்கச் சம்மதமா என்று கேட்டார்கள். தன்னுடைய காதுகளைச் சரிசெய்யத்தான் விருப்பம் என்றார். அதையும் செய்துதருகிறோம் என்று சொல்லி அவருக்குப் பை வைத்தார்கள். உலகத்தில் முதன்முதலாகச் சிலிக்கோன் பை வைக்கப்பட்ட பெண் அதைக் கேட்டுப் போகவே இல்லை. அந்த வியாபாரம் தொடங்கின இடம் அது.

2010இல் பிரான்சின் பிஐபி கம்பனி, மருத்துவத்துக்கு அனுமதிக்கப்படாத, தொழிற்சாலைகளுக்கான மலிவுச் சிலிக்கோனைப் பைகளில் நிரப்பியது பிடிபட்டது. பல நாடுகளில் இலட்சக்கணக்கான பெண்களின் உடம்புக்குள் அது போய்விட்டது. நிறுவனருக்கு 2013இல் நாலு வருசச் சிறை. 2021இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எல்லாப் பைகளுக்கும் மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. இவை ஆயுள் முழுக்க இருக்கிற சாமான் இல்லை. கனகாலம் இருக்க இருக்கச் சிக்கல் கூடும். அபூர்வமாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயும் வரலாம். பை உள்ளே வெடித்தால் வெளியில தெரியாமலே இருக்கலாம் என்பதால், ஐந்தாறு வருசத்தில் முதல் ஸ்கான், பிறகு இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருக்கா ஸ்கான் என்பதும் அவர்களின் பரிந்துரை.

இப்ப கணக்குப் பாருங்கோ. தங்கச்சி அனுப்பிறது முதல் ஒபரேசனுக்கான காசு. பிறகு வாற ஸ்கானுகளுக்கு ஆர் அனுப்புவினம்? பை பழுதானால் திறந்து எடுக்கவோ மாத்தவோ ஆர் அனுப்புவினம்? அந்த நேரம் கொழும்பில அக்காவோட நிண்டு பாக்கிறது ஆர், வீட்டில பிள்ளையளைப் பாக்கிறது ஆர்?

பை வைக்காமல் உயர்த்தி மட்டும் தைத்தாலும் தழும்பு இருக்கும். காம்பின் உணர்ச்சி குறையலாம். பிறகு பால் குடுக்கிறது கஷ்டமாகலாம். வயது போக முலை திரும்பவும் இறங்கும். இன்னொரு கர்ப்பம் வந்தால் செய்த வேலை குலையும் என்பதால், பிள்ளைப்பேறு முடிஞ்சபிறகு வாங்கோ என்றுதான் நேர்மையான வைத்தியர் சொல்லுவார். மூன்றாவது பிள்ளை வேணுமோ என்று அக்காவுக்கு இன்னும் முடிவில்லை. விளம்பரத்தில் இதுகளில ஒரு வரியும் இல்லை.

"அப்ப உதெல்லாம் காசுக்காரருக்கு, எங்களுக்கில்லை எண்டுறியளோ?" என்று நீங்கள் கேக்கலாம். இதே கேள்வி சென்னையில் பெரிதாக எழுந்தது. 2018 பெப்ரவரியில் தமிழ்நாடு அரசு, ஸ்ரான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகியல் சத்திரசிகிச்சைகளை இலவசமாகச் செய்யும் கிளினிக்கைத் தொடங்கியது. வடிவுக்கான சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக்கூடாது, நாங்கள் குடுக்காவிட்டால் கடன்பட்டுச் செய்வார்கள் என்பது அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கரின் வாதம். உயிர்காக்கும் சிகிச்சைக்கே காசு காணாத இடத்தில் இது தேவையா என்று பொதுச் சுகாதாரத்துறையில் இருந்த மூத்தவர்களே எதிர்த்தார்கள்.

ஏழைப் பெண்ணின்ர உடம்புக்கும் மதிப்பிருக்கு என்ற அளவில் அமைச்சர் பக்கம் நாங்கள். ஆனால் இலவசம் என்கிற ஒரே கதவுக்குள்ளால் ஊரின்ர பகிடிக்குப் பயந்து வாறவரையும், நோவோட வாறவரையும் ஒண்டாக அனுப்பினால், நோவு பின்வரிசைக்குப் போயிடும். ஏனெண்டால் பகிடிக்குச் சத்தம் கூட.

அந்தப் பின்வரிசையில் நிக்கிற ஒரு அம்மாவை எங்களுக்குத் தெரியும். அதே ஒழுங்கையின்ர அங்கால் முனையில் இருக்கிறா. மூன்று பிள்ளைகள், தையல் மிசினில குனிஞ்சிருந்துதான் வீட்டுச் செலவு. ஒவ்வொரு பிள்ளையோடயும் அவாவின்ர முலைகள் பாரமாகி, பிறகு குறையவே இல்லை. பிரா பட்டி தோளில பள்ளம் போட்டிருக்கு. வெக்கைக் காலத்தில் கீழ் மடிப்பு அவிஞ்சு புண்ணாகும். கழுத்து நோவுக்குச் சித்தாலேப, தலையிடிக்குப் பனடோல்.

முலையின் பாரத்தைக் குறைக்கிற சத்திரசிகிச்சையால் இந்த நோவு உண்மையாகவே குறையும் என்று மருத்துவத்துக்குத் தெரியும். அவாவுக்குத் தெரியாது. ஒருத்தரும் சொல்லேல்லை. ஒரு தங்கச்சியும் காசு அனுப்பேல்லை. அவாவுக்கும் ஒழுங்கையில கிடைச்சது பகிடிதான். எங்கட ஊரில் இருக்கிற இலவச மருத்துவம் முதலில் கூப்பிடவேண்டியது இவாவைத்தான்.

முலைக்கு வேற ஆக்கள் சொந்தம் கொண்டாடுறது புதுசில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் நெஞ்சை மூடுகிற உரிமைக்காக 1859ஆம் ஆண்டு அரச ஆணை வரும்வரை அடிபட்டுப் போராடினார்கள். யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை போடக்கூடாது என்று ஆதிக்க சாதியினர் தடுத்த காலம் இருந்தது. அண்டைக்கு மூடாதே எண்டினம். இண்டைக்கு நிமித்திக் காட்டு எண்டினம்.

திருவண்ணாமலையில் அம்மனுக்கு உண்ணாமுலை என்று பெயர். உலகத்துக்கே தாய், ஆனாலும் பிள்ளை வாய் வைக்காத முலை. தெய்வத்துக்கு அது பொருந்தும், கும்பிடுறதில எங்களுக்குப் பிரச்சினை இல்லை. இரண்டு பிள்ளைக்கும் விடிய விடிய இருந்து பால் குடுத்த கொழும்புத்துறை மனுசியிட்டயும் அதையே கேக்கிறதுதான் அநியாயம்.

எங்களுக்குள்ள ஒரு தோழி இதை ஒத்துக்கொள்ளேல்லை. "ஆசை எங்கயிருந்து வந்தாலும் ஆசைதானே? பல்லுக்குக் கம்பி போடுறம், தலைக்கு மை அடிக்கிறம். முலைக்கு மட்டும் ஏன் உங்களிட்ட அனுமதி எடுக்கோணும்?" என்று கேட்டா. ஞாயமான கேள்வி. அனுமதி குடுக்க நாங்கள் ஆரும் இல்லை. மேல சொன்ன கணக்கெல்லாம் கேட்டபிறகும் அக்கா செய்யப்போறன் எண்டால், கொழும்பு பஸ்ஸில அவாவோட போறதுக்கு எங்களில இரண்டு பேர் ரெடி. ஆனால் "பெறுமதியோ?" என்று எங்களிட்டக் கேட்டது அவா. கேட்டவவுக்கு "உங்கட இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிறதை மரியாதை எண்டு நாங்கள் நினைக்கேல்லை. அது கைகழுவிறது.

அதனால திரும்பப் போய் ஒரு கேள்வி கேட்டம்: "அண்ணா அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டிருந்தால், இதை யோசிச்சிருப்பியளோ?"

கனநேரம் ஒன்றும் பேசேல்லை. பிறகு சொன்னா: "அவருக்கு நெத்தி ஏறி ஏறி இப்ப உச்சிக்கு வந்திட்டுது. நான் ஒரு சொல்லுச் சொன்னனோ?"

முடிவு இன்னும் எடுக்கேல்லை. தங்கச்சியின்ர காசை இப்போதைக்கு அனுப்பவேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறா. எடுக்கிற முடிவை அவாவே எடுக்கட்டும்.

எங்களுக்கு மிச்சமிருக்கிற வேலை வேற. இலங்கையில் பெண்களுக்கு ஆகக் கூடுதலாக வாற புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதிக்கச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் சுகவனிதையர் கிளினிக் இலவசமாக நடக்குது. முலை என்று சொல்லவே கூசுகிற வீட்டில், கையில தட்டுப்பட்ட கட்டியைப் பற்றி ஒரு அம்மா ஆரிட்டச் சொல்லுவா? இந்தச் சொல்லை வீட்டுக்குள்ள சாதாரணமாகப் புழங்க வையுங்கோ. தையல்கார அம்மாவை வாற கிழமை சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறம். உங்கட ஒழுங்கையிலயும் ஒருத்தி இருப்பா, விசாரியுங்கோ.

பெடியளுக்கு ஒண்டு. அந்தப் படம் திரும்பவும் உங்கட குழுவுக்கு வரும். வந்தால் போட்டவனிட்டக் கேளுங்கோ: "நீ எந்தப் பாலைக் குடிச்சு வளந்தனி?"