மண்ணுள் முதிரும் காளான்

காளான் என்றதும், மழைக்குப் பின் குடை விரித்து நிற்கும் உருவமே நம் மனக்கண்முன் தோன்றும். குடை விரியாது, மண்ணுக்குள்ளும் சருகின் கீழும் உருண்டு திரண்டு முதிரும் காளான்களும் உலகில் உள. நியூசிலாந்தில், தென்பீச்சு என்னும் மரங்கள் ஓங்கிய குளிர்காடுகள் அவற்றின் உறைவிடங்களுள் ஒன்று.

இக்காளான்களின் நுண்ணிழைகள் மரத்தின் வேர்நுனிகளை உறைபோலப் போர்த்துகின்றன. மண்ணிலுள்ள நீரையும் பொசுபரசு, நைதரசன் முதலிய ஊட்டங்களையும் தேடி வேருக்கு அளிக்கின்றன. மரமோ தன் இலைகள் ஆக்கிய வெல்லத்திற் பங்கு கொடுக்கின்றது. பச்சையமற்ற காளானுக்கு அதுவே உணவு. இவ்வுறவு வாய்க்காத மரக்கன்று செழித்தோங்குவது அரிது.

குடைக்காளானின் வித்திகளைக் காற்றுச் சுமந்து செல்லும். மண்ணுள் மூடிக் கிடப்பதன் வித்திகளைச் சுமப்பவர் யார்? பிற நாடுகளில் அணில், எலி போன்ற முலையூட்டிகள் மோப்பம் பிடித்துத் தோண்டித் தின்று, எச்சத்தின் வழியே அவற்றைப் பரப்புகின்றன. நியூசிலாந்திலோ, மனிதர் குடியேறுமுன், வௌவாலைத் தவிர வேறு நில முலையூட்டி இருந்ததில்லை. அது பறவைகளின் நாடு. பறவை நாடுவது மணத்தினும் நிறத்தையே. அங்குள்ள ஊதாநிறப் பைக்காளான் சருகிடையே உதிர்ந்த கனிபோலத் தோன்றுகின்றது. பறவையின் கண்ணைக் கவரவே இந்நிறம் அமைந்தது போலும் என்பது அறிஞர் சிலரின் கருத்து.

சிறகற்ற மோவாப் பறவைகளின் உலர்ந்த பழைய எச்சங்களை ஆராய்ந்து, 2018 ஆம் ஆண்டில் ஆய்வொன்று வெளியாயிற்று. மரவேர்களோடு கூடிவாழும் காளான்களின் மரபணுத் தடயங்கள் அவ்வெச்சங்களிற் காணப்பட்டன. காளானை மோவா உண்டமைக்கு இது சான்று.

அம்மோவா இன்று இல்லை. 13 ஆம் நூற்றாண்டளவில் மனிதர் அத்தீவுகளில் வந்திறங்கினர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுள் மோவா இனம் முழுவதும் அற்றொழிந்தது. பிற்காலத்திற் கொண்டுவரப்பட்ட மானும் பொசம் என்னும் பைவிலங்கும் அப்பணியை ஏற்றனவா? 2015 ஆம் ஆண்டு ஆய்வொன்றின்படி, அவற்றின் எச்சங்கள் வேற்றுநாட்டுக் காளான்களையே பரப்புகின்றன. அதனாற் பயனடைவது அந்நிலத்திற் பரவிவரும் அந்நியப் பைன் மரமேயன்றித் தென்பீச்சன்று.

காளான் இன்னும் கனிபோல நிறங்காட்டி நிற்கின்றது. கொத்தித் தின்ற பறவையோ மறைந்து பல நூற்றாண்டுகளாயின. மாணவர்களே, ஓர் உயிரினம் அழிந்தது என்று படிக்கும்போது, அதனை நம்பியிருந்தவை எவை என்றும் ஒருமுறை கேளுங்கள்.