விமானம் எதைக் கழற்றியது?

ஆங்கிலம் படிப்பிக்கும் நாம் ஒருமுறை நமது கரும்பலகையைத் திரும்பிப் பார்ப்போம். "டேக் ஆஃப் என்றால் கழற்றுதல்" என்று எழுதினோம். பிள்ளைகளும் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினார்கள். அடுத்த கிழமை வாசிப்புப் பந்தியில் ஒரு விமானம் "டேக் ஆஃப்" ஆனது. "சேர், விமானம் எதைக் கழற்றியது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம். பிழை யாருடையது? பிள்ளை நாம் சொன்னதைத்தானே நம்பியது!

அதே இரண்டு சொற்களில் சப்பாத்து கழரும், விமானம் கிளம்பும், வியாபாரம் சூடுபிடிக்கும், விலையில் 100 ரூபா குறையும், வேலைக்கு ஒரு நாள் லீவும் எடுக்கலாம். காலை விட்டுச் சப்பாத்து, நிலத்தை விட்டு விமானம். ஒட்டியிருந்தது விலகுகிறது, அதுதான் "ஆஃப்". இந்தப் படம் மனதில் பதிந்தால் பாதி விளங்கும். மீதியை வாக்கியம் சொல்லித் தரும்.

நமது பிள்ளைகளுக்கு இது புதிதா? சேட்டுப் போடுகிறோம், தேத்தண்ணி போடுகிறோம், ஒப்பம் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். பூனை குட்டி போடுகிறது. "போடு" என்பதற்கு எந்த உம்மா பட்டியல் எழுதிக் கொடுத்தார்?

"ஓ.எல். கிட்ட வந்துவிட்டது, நேரமில்லை" என்போம். பரீட்சைத் தாளிலும் சொல் பந்திக்குள்தான் வருகிறது. பாடமாக்கிய ஒற்றை அர்த்தம் அங்கே பிள்ளையைக் கவிழ்த்துவிடும்.

பட்டியலை அழிப்போம். ஒரு சொல்லுக்கு ஐந்து வாக்கியம் எழுதுவோம். அர்த்தத்தைப் பிள்ளைகளே சொல்லட்டும்.