மீரியபெத்த லயன்களைப் புதைத்தது கடலடிப் பிளவல்ல



மழை கொஞ்சம் பலத்தால் போதும், வாட்ஸ்அப் குறூப்புகளில் அந்தக் குரல் பதிவு திரும்பவும் சுற்றத் தொடங்கிவிடுகிறது. இந்து சமுத்திரத்துக்கு அடியில் பூமி பிளக்கிறதாம், நெருப்புக் குழம்பு கிளம்புகிறதாம், அதனால்தான் ஊவா மலைகள் சரிகின்றனவாம். பள்ளிவாசல் குறூப்பிலும் வருகிறது, தோட்டத்துப் பிள்ளைகளின் போனிலும் வருகிறது. வகுப்பில் "நம்ம மலை வெடிக்குமா சேர்?" என்று எங்களிடம் கேட்கிறார்கள். படித்துக் கொடுக்கும் நாங்கள் இதற்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் வாங்கும் சம்பளம் ஹலால் ஆகாது.

பிளவு இருப்பது உண்மை. மற்றதெல்லாம் புழுகு.

அது இருப்பது பதுளையிலிருந்து 1,500 கிலோமீற்றருக்கும் அப்பால், மாலைதீவையும் தாண்டி. கடலுக்கடியில் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் அது. அதன் வடபகுதிக்குக் கார்ல்ஸ்பெர்க் முகடு என்று பெயர். பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். 1928-30இல் அங்கே போன டென்மார்க் கப்பலுக்குக் காசு கொடுத்தது அந்த பியர் கம்பனியின் அறக்கட்டளை, அவ்வளவுதான். 1933-34இல் எகிப்து மாலுமிகளோடு போய் அதை அளந்தது 'மபாஹித்' என்ற எகிப்தியக் கப்பல். இதை ஒருவரும் ஷெயார் பண்ணுவதில்லை!

அங்கே இரண்டு தட்டுகள் ஆண்டுக்கு 2, 3 சென்ரிமீற்றர் விலகுகின்றன. நம் நகம் அதைவிட வேகமாக வளரும். விலகும் இடத்தில் ஆழத்திலுள்ள சூடான பாறை மேலெழுகிறது. மேலே வரவர அழுத்தம் குறைவதால், சூடு கூடாமலேயே அதில் ஒரு பங்கு உருகிவிடுகிறது. நுவரெலியாவில் தண்ணீர் பதுளையை விடக் குறைந்த சூட்டில் கொதிப்பதும் அழுத்தம் குறைவதால்தான். உருகியது கடல் நீரில் பட்டதும் தலையணை தலையணையாக இறுகிக் கறுத்த பசால்ட் பாறையாகிறது. மேலே வந்து சேராத மிச்சம் அடியில் ஆறுதலாக இறுகுகிறது. இப்படித்தான் ஏறக்குறைய 7 கிலோமீற்றர் தடிப்பில் புதிய கடல்தரை உண்டாகிறது.

இறுகும்போது பாறையிலுள்ள இரும்புக் கனிமங்கள் அந்தக் காலத்துப் பூமிக் காந்தத்தின் திசையைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பூமியின் காந்தம் இடைக்கிடை தலைகீழாகும். அதனால் முகட்டின் இரு பக்கமும் காந்தம் வரிவரியாகப் பதிந்து கிடக்கிறது. 1962இல் 'ஓவன்' என்ற கப்பல் கார்ல்ஸ்பெர்க் முகட்டில் எடுத்த அளவீடுகளை வைத்துத்தான் வைன், மெத்தியூஸ் என்ற இருவரும் 1963இல் இதை விளக்கினார்கள். எங்கள் பிள்ளைகளோ அத்திலாந்திக் படத்தையே வரைந்து பழகுகிறார்கள்.

நம் காலடிப் பாறை வேறு சாதி. 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. கடல்தரையில் 20 கோடி ஆண்டைத் தாண்டியது கிடைப்பதே அரிது. 2023 பெப்ரவரியில் புத்தல, வெல்லவாயப் பக்கம் வந்தவை தட்டின் உள்ளே வரும் சிறு அதிர்வுகள். இங்கே கடல் திறக்கிறது என்பதற்கு அவை அடையாளமல்ல.

கொஸ்லந்தை மீரியபெத்தவுக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29 காலை லயன்களை மூடியது மழைநீர் ஊறிக் கனத்த சரிவு மண். அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை எழுப்ப வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. சொல்லியும் அந்தச் சனம் அதே லயனில்தான் படுத்துறங்கியது. போக வேறு காணி இருக்கவில்லை.

இப்போது யோசியுங்கள். "கடலடியில் பூமி பிளந்தது" என்றால் யாரிடம் போய்க் கேட்பது? எச்சரிக்கைக் கடிதத்தை மேசையில் வைத்திருந்தவர், பத்து பேர்ச் காணி தராமல் இழுத்தடித்தவர், கான் வெட்டாமல் விட்டவர் எல்லோரும் தப்பிக்கொள்வார்கள். அந்தப் பதிவைப் போர்வர்ட் பண்ணும் ஒவ்வொரு விரலும் அவர்களுக்குச் சாட்சி சொல்கிறது. "எல்லாம் இறைவன் நாட்டம்" என்று மேலே ஒரு வரி சேர்த்து அனுப்புகிறவர்களுக்கும் இதையே சொல்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல்.

அடுத்த தடவை அந்தப் பதிவு வந்தால் அதற்குக் கீழேயே கேளுங்கள்: எங்கள் லயத்துக்கு மேலுள்ள சரிவை யார் வந்து பார்த்தார்கள், எந்தத் திகதி, அறிக்கை எங்கே? கிராம சேவகரிடமும் தோட்டத் துரையிடமும் அதையே எழுத்தில் கேளுங்கள். கடிதம் எழுதத் துணை வேண்டுமென்றால் பாடசாலை விட்டதும் வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.